லாக் சமன்பாடு: அடுக்கைத் தேடிப் பிடிக்கும் கணக்கு

எத்தனை 2-களை வரிசையாகப் பெருக்கினால் 32 வரும்? விரல் விட்டே எண்ணலாம்: 2, 4, 8, 16, 32. ஐந்து. அந்த ஐந்தைத்தான் "அடிமானம் 2-க்கு 32-இன் லாக்" என்று சொல்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அதற்குப் பெயர் மடக்கை. கேள்வி ஒன்றுதான்: இந்த எண்ணுக்கு எந்த அடுக்குப் போட்டால் அந்த எண் வரும்?

இவ்வளவு எளிமையான விஷயத்தில் ரங்கூனிலும் பெகுவிலும் மோல்மேனிலும் நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுகிறார்கள். பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. வகுப்பில் சயா (ஆசிரியர்) விளக்குவது பர்மிய மொழியில். வீட்டில் பேச்சு தமிழில். இந்த மூன்றுக்கும் நடுவில் லாக் என்பது கால்குலேட்டரில் ஒரு பட்டனாக மட்டும் மிஞ்சிவிடுகிறது. அழுத்தினால் ஏதோ தசம எண் வரும், அதை விடைத்தாளில் எழுதிவிடலாம். அந்த எண் எந்தக் கேள்விக்கு விடை என்பது மறந்துபோகிறது. மாலையில் ட்யூஷன் சொல்லித் தருகிறவன் என்பதால், இதைத் தமிழில் ஒருமுறை முழுசாக எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. படிக்கிற பிள்ளைக்கும், பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பார்க்கிற அப்பா அம்மாவுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எழுதும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். தெரியாத எண்ணை 'க' என்று குறிக்கிறேன். உங்கள் புத்தகத்தில் அது எக்ஸ் என்று இருக்கும். 2^க என்றால் 2-இன் மேல் க என்ற அடுக்கு. லாக்₂ 32 என்றால் அடிமானம் 2; கீழே சின்னதாக நிற்பது அடிமானம், பக்கத்தில் நிற்பது லாக்கின் உள்ளே இருக்கும் எண். அடிமானம் எதுவும் போடாமல் வெறும் லாக் என்று எழுதினால் அடிமானம் 10 என்று பொருள்.

இனி மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே வரி:

லாக்₂ 32 = 5 என்பதும் 2⁵ = 32 என்பதும் ஒரே செய்தி.

இடது பக்கம் லாக் மொழியில் எழுதியிருக்கிறது, வலது பக்கம் அடுக்கு மொழியில். லாக் சமன்பாட்டில் சிக்கிக்கொண்டால் அடுக்கு மொழிக்கு மாற்றி எழுதிப் பாருங்கள். பாதி முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிடும்.

லாக்₃ க = 4 என்று ஒரு கணக்கு. 3-க்கு 4 என்ற அடுக்குப் போட்டால் க வரும் என்கிறது. ஆக க = 3⁴ = 81. முடிந்தது.

லாக்₂ (3க − 1) = 5. உள்ளே கொஞ்சம் கூட்டமாக இருக்கிறது, பரவாயில்லை. 2⁵ = 3க − 1. அதாவது 3க − 1 = 32, 3க = 33, க = 11.

லாக்₄ 8 = க. இங்கே தெரியாதது அடுக்கு. 4^க = 8. பிள்ளைகள் "4-ஐப் பெருக்கி 8 வராதே" என்று நின்றுவிடுவார்கள். 4-ம் சரி, 8-ம் சரி, இரண்டுமே 2-இன் பிள்ளைகள் என்று பார்க்க வேண்டும். 4 = 2², 8 = 2³. அப்போது 2^(2க) = 2³, 2க = 3, க = 3/2. அடுக்கு முழு எண்ணாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

லாக் (அடிமானம் க) 49 = 2 என்று அடிமானத்தையே மறைத்தும் கேட்பார்கள். க² = 49. க = 7 அல்லது −7. இதில் −7-ஐ விட்டுவிட வேண்டும், ஏனென்றால் அடிமானம் மிகை எண்ணாக இருக்க வேண்டும் என்பது லாக்கின் விதி. அது 1-ஆகவும் இருக்கக் கூடாது. 1-ஐ எத்தனை தடவை பெருக்கினாலும் 1-தான் வரும், அதை வைத்து வேறு எந்த எண்ணையும் பிடிக்க முடியாது.

அடுத்து வருவதுதான் இந்தப் பாடத்தின் உயிர்நாடி. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2-க்கு என்னென்ன அடுக்குப் போட்டால் என்னென்ன வருகிறது என்று பாருங்கள். 2³ = 8. 2¹ = 2. 2⁰ = 1. 2⁻¹ = 1/2. 2⁻³ = 1/8. 2⁻¹⁰ = 1/1024. அடுக்கைக் குறைத்துக்கொண்டே போனால் விடை சிறுத்துக்கொண்டே போகிறது, ஆனால் பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதும் இல்லை. அப்படியானால் "2-க்கு எந்த அடுக்குப் போட்டால் −8 வரும்?" என்ற கேள்விக்கு விடையே கிடையாது. பூஜ்யம் வருமா என்று கேட்டாலும் கிடையாது. கால்குலேட்டரில் லாக் போட்டு −8 அடித்துப் பாருங்கள், எரர் என்று காட்டும்.

ஆக, லாக்கின் உள்ளே நிற்கும் எண் எப்போதும் மிகை எண்ணாக இருக்க வேண்டும். லாக்கிலிருந்து வெளியே வரும் விடை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம்: மிகை, பூஜ்யம், குறை, பின்னம் எல்லாமே சரி. இந்த உள்ளே–வெளியே வித்தியாசம்தான் பிள்ளைகளைக் குழப்புகிறது. லாக்₅ க = −2 என்று கொடுத்தால் "மைனஸ் வந்துவிட்டது, தீர்வு இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். அது தப்பு. மைனஸ் நிற்பது வெளியே. க = 5⁻² = 1/25. உள்ளே இருக்கிற 1/25 மிகை எண்தான். நல்ல விடை.

சரி, இனி விதிகள். மூன்றே மூன்று, மூன்றும் அடுக்கு விதிகளின் மறுபக்கம்.

8 × 32 = 256 என்ற பெருக்கலை எடுத்துக்கொள்வோம். 8 என்பது 2³, 32 என்பது 2⁵. பெருக்கும்போது அடுக்குகள் கூடுகின்றன: 2³ × 2⁵ = 2⁸ = 256. லாக் மொழியில் சொன்னால், லாக்₂ 8 = 3, லாக்₂ 32 = 5, லாக்₂ 256 = 8. உள்ளே பெருக்கல், வெளியே கூட்டல். எழுத்தில் போட்டால்:

லாக் (ப × ம) = லாக் ப + லாக் ம

வகுத்தால் அடுக்குகள் கழிபடும், ஆகவே லாக் (ப ÷ ம) = லாக் ப − லாக் ம. ஒரு எண்ணின் மேல் அடுக்கு இருந்தால் அது முன்னால் இறங்கி வந்து நிற்கும்: லாக் (பⁿ) = n × லாக் ப என்று புத்தகத்தில் பார்ப்பீர்கள்; உதாரணமாக லாக் (ப³) = 3 × லாக் ப.

பெருக்கலைக் கூட்டலாக்கும் இந்தக் குணத்துக்காகத்தான் லாக் பிறந்தது. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் வானியல் கணக்குப் போட்டவர்கள் ஏழு, எட்டு இலக்க எண்களைக் கையால் பெருக்கி மாய்ந்துபோனார்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் 1614-இல் லாக் அட்டவணையை வெளியிட்டார். லண்டனில் கணிதப் பேராசிரியராக இருந்த ஹென்றி பிரிக்ஸ் மறு ஆண்டே எடின்பரோவுக்குப் போய் அவரைப் பார்த்தார். அடிமானத்தை 10-ஆக வைத்தால் எல்லோருக்கும் வசதி என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். 1624-இல் பிரிக்ஸ் அச்சிட்ட அட்டவணையில் ஒவ்வொரு லாக்கும் 14 தசம இடம் வரை இருந்தது. அத்தனையும் கையால் போட்ட கணக்கு என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் மலைப்பாக இருக்கிறது. நம் தாத்தாக்கள் பள்ளியில் புரட்டிய லாக் அட்டவணைப் புத்தகம் அந்த வம்சத்தில் வந்ததுதான்.

விதிகளைச் சொன்ன கையோடு, விதி மாதிரித் தெரியும் ஒரு போலியையும் சொல்லியாக வேண்டும். நோட்டுகளில் நான் அதிகம் பார்க்கிற பிழை இது:

லாக் (ப + ம) = லாக் ப + லாக் ம

இப்படி ஒரு விதி கிடையாது. சந்தேகமாக இருந்தால் எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம். ப-வும் ம-வும் 10 என்று வைப்போம். வலது பக்கம் லாக் 10 + லாக் 10 = 1 + 1 = 2. இடது பக்கம் லாக் 20, அது 1.3010. இரண்டும் சமமே இல்லை. வலது பக்கத்தில் வந்த 2 என்பது லாக் 100, அதாவது லாக் (10 × 10). உள்ளே கூட்டல் இருந்தால் அந்த லாக்கை உடைக்க வழியில்லை, அப்படியே விட்டுவிட வேண்டும். அதே மாதிரி லாக் ப-வை லாக் ம-ஆல் வகுப்பது ஒன்று, ப ÷ ம-வுக்கு லாக் பார்ப்பது இன்னொன்று. முன்னதில் இரண்டு லாக்குகளை வகுக்கிறோம், பின்னதில் கழிக்கிறோம்.

இனிச் சமன்பாடுகளுக்குப் போவோம். இரண்டு பக்கமும் ஒரே அடிமானத்தில் ஒரேயொரு லாக் இருந்தால் வேலை சுலபம். லாக்₃ (2க + 1) = லாக்₃ (க + 7). லாக் சமம் என்றால் உள்ளே இருப்பதும் சமம். 2க + 1 = க + 7, க = 6. போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் லாக்₃ 13. சரி.

அதே வழியில் இன்னொன்று: லாக் (க − 5) = லாக் (2க − 3). க − 5 = 2க − 3, அதாவது க = −2. இதை வைத்துப் பார்ப்போம். இடது பக்கம் உள்ளே −2 − 5 = −7. வலது பக்கம் உள்ளே −4 − 3 = −7. இரண்டும் சமம்தான், ஆனால் −7-க்கு லாக் கிடையாதே! ஆகவே இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வு இல்லை. "தீர்வு இல்லை" என்பதும் முழு மதிப்பெண் பெறும் விடைதான். அதை எழுதப் பயந்துகொண்டு −2 என்று முடித்துவிடும் பிள்ளைகள்தான் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

அடுத்தது, ஒரு பக்கம் இரண்டு லாக்குகள் கூட்டலில் இருக்கும் கணக்கு. தேர்வுக்கு மிகவும் பிடித்த வகை.

லாக்₂ க + லாக்₂ (க − 2) = 3

கூட்டலைப் பெருக்கலாக்கி ஒரே லாக்காகச் சேர்க்கிறோம்: லாக்₂ [க × (க − 2)] = 3. அடுக்கு மொழிக்கு மாற்றுகிறோம்: க² − 2க = 8. இருபடிச் சமன்பாடாகிவிட்டது. க² − 2க − 8 = 0. காரணிப்படுத்தினால் (க − 4)(க + 2) = 0. க = 4 அல்லது க = −2.

இந்த இடத்தில் ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "சயா, −2 நெகட்டிவ்தானே, அடிச்சிடவா?"

"ஏன் அடிக்கணும்?"

"நெகட்டிவ் வந்தா அடிக்கணும்னு சொன்னாங்க."

அடிக்க வேண்டும் என்பது சரி. அவன் சொன்ன காரணம் போதாது. −2-ஐ முதல் சமன்பாட்டில் கொண்டுபோய் வைத்தால் லாக்₂ (−2) என்று நிற்கிறது. அதற்கு மதிப்பே இல்லை. லாக்₂ (−4)-க்கும் இல்லை. அதனால்தான் −2 தள்ளுபடி ஆகிறது. 4-ஐ வைத்தால் லாக்₂ 4 + லாக்₂ 2 = 2 + 1 = 3. பொருந்துகிறது. விடை 4 மட்டும்.

அப்படியானால் −2 எங்கிருந்து வந்தது? நாம் எந்த வரியிலும் தப்புச் செய்யவில்லையே? இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளைக்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன். விஷயம் இரண்டு லாக்குகளை ஒன்றாகச் சேர்த்த வரியில் இருக்கிறது. தனித்தனியாக நின்றபோது க-வும் மிகையாக இருக்க வேண்டும், க − 2-வும் மிகையாக இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் இருந்தன. சேர்த்த பிறகு அவற்றின் பெருக்கல்தொகை மிகையாக இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. இரண்டு குறை எண்களைப் பெருக்கினாலும் மிகைதானே: (−2) × (−4) = 8. தனியாக வந்தால் நுழைய முடியாத இரண்டு எண்கள் ஜோடியாக நுழைந்துவிட்டன. விதி தப்பில்லை, ப-வும் ம-வும் மிகையாக இருந்தால்தான் அந்த விதி செல்லும் என்ற நிபந்தனையைச் சேர்த்த கணத்தில் கைவிட்டுவிட்டோம். ஆகவேதான் கடைசியில் வந்த விடையை முதல் வரியில், கேள்வித்தாளில் இருக்கும் அதே வடிவத்தில், வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் உள்ள வரியில் வைத்துப் பார்த்தால் −2-ம் பாஸ் ஆகிவிடும்.

"நெகட்டிவ் என்றால் அடி" என்ற குறுக்குவழி எங்கே காலை வாரும் என்பதற்கு ஒரு கணக்கு: லாக்₂ (2 − க) = 3. 2 − க = 8, க = −6. குறை எண். ஆனால் உள்ளே வைத்துப் பாருங்கள்: 2 − (−6) = 8. மிகை. விடை −6-தான், தாராளமாக எழுதலாம். பார்க்க வேண்டியது க மிகையா குறையா என்பதை அல்ல, லாக்கின் உள்ளே முழுசாக என்ன நிற்கிறது என்பதை.

விதியை அவசரமாகப் போட்டால் நல்ல விடை தொலைந்துபோவதும் உண்டு. லாக் (க²) = 2 என்று கேட்டால் க² = 100, ஆக க = 10, க = −10 இரண்டும் சரி; −10-இன் வர்க்கம் 100, அதற்கு லாக் உண்டு. எடுத்த எடுப்பில் அடுக்கை முன்னால் இறக்கி 2 × லாக் க = 2 என்று எழுதிவிட்டால் லாக் க = 1, க = 10 என்று ஒன்றுதான் கிடைக்கும். −10 காணாமல் போய்விடும். கேள்வியிலேயே 2 லாக் க = 2 என்று இருந்தால் 10 மட்டும்தான் விடை. பார்க்க ஒன்று போல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

கழித்தல் வகை அவ்வளவு தொல்லை தராது. லாக்₃ (க + 16) − லாக்₃ க = 2. உள்ளே வகுத்தலாக்கினால் (க + 16) ÷ க = 9. க + 16 = 9க, க = 2. சரிபார்ப்பு: லாக்₃ 18 − லாக்₃ 2 = லாக்₃ 9 = 2.

(லாக்₂ க)² − 5 லாக்₂ க + 6 = 0 என்று வந்தால் லாக்₂ க-வை ஒரே எழுத்தாக நினைத்துக்கொண்டு இருபடியாகத் தீர்த்துவிடுங்கள். லாக்₂ க = 2 அல்லது 3; க = 4 அல்லது 8. வர்க்கம் லாக்கின் மேல் இருக்கிறதா, க-வின் மேல் இருக்கிறதா என்பதை மட்டும் அடைப்புக்குறியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதுவரை சமன்பாட்டில் இருந்த லாக்கைக் கழற்றினோம். இனி லாக்கே இல்லாத சமன்பாட்டில் நாமே லாக்கைப் போட வேண்டிய இடம். தெரியாத எண் அடுக்கில் ஏறி உட்கார்ந்திருந்தால் அதைக் கீழே இறக்க லாக்கை விட்டால் வேறு நல்ல வழி கிடையாது. இந்தக் கணக்கு நம்மவர்களுக்குப் புதுசு இல்லை, ஏனென்றால் இது வட்டிக் கணக்கு. ரங்கூன் மொகல் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் மாதம் ஒருமுறை கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்த காலம் ஒன்று இருந்தது.

ஒரு லட்சம் கியாட் போடுகிறீர்கள். வருடத்துக்கு 8 சதவீதம் கூட்டு வட்டி என்று வைத்துக்கொள்வோம். எத்தனை வருடத்தில் இரண்டு லட்சம் ஆகும்? ஒவ்வொரு வருடமும் பணம் 1.08 மடங்காகிறது. க வருடத்தில் 1.08^க மடங்கு. ஆகவே

1.08^க = 2

இரண்டு பக்கமும் லாக் எடுக்கிறோம். அடுக்கு முன்னால் இறங்குகிறது: க × லாக் 1.08 = லாக் 2. லாக் 2 = 0.3010, லாக் 1.08 = 0.0334. க = 0.3010 ÷ 0.0334, ஏறக்குறைய 9. ஒன்பது வருடம் முடிந்த அன்று கணக்கில் 1,99,900 கியாட் இருக்கும். இரண்டு லட்சத்துக்கு நூறு கியாட்தான் குறை.

இங்கே வகுக்க வேண்டிய இடத்தில் கழித்துவிடுகிறவர்கள் உண்டு. கழித்தால் 0.2676 வரும். அப்படியென்றால் மூன்றே கால் மாதத்தில் பணம் இரட்டிப்பாகும் என்று பொருள். 8 சதவீத வட்டியில் அப்படி நடக்குமா என்று ஒரு நொடி யோசித்தாலே பிழை தெரிந்துவிடும். எண்ணை எழுதுமுன் அது நம்பத் தகுந்ததா என்று பார்க்கும் பழக்கம் எந்தச் சூத்திரத்தையும்விடப் பெரியது என்பது என் கருத்து. கடைத்தெருவில் கணக்குப் பார்க்கும் பெரியவர்கள் 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்து இரட்டிப்பாகும் காலத்தைச் சொல்வார்கள்; 72 ÷ 8 = 9. அந்தக் குறுக்குவழியும் இந்த லாக் வகுத்தலின் தோராயம்தான்.

அதே கணக்கைக் கடன் வாங்கியவர் பக்கமிருந்து பாருங்கள். மாதத்துக்கு 5 சதவீதம், கட்டாத வட்டி முதலோடு சேரும். 1.05^க = 2. லாக் 1.05 = 0.0212. க = 0.3010 ÷ 0.0212, சுமார் 14.2 மாதம். ஒரு லட்சம் வாங்கியவர் எதுவும் கட்டாமல் விட்டால் 14-ஆம் மாத முடிவில் கடன் 1,97,993. 15-ஆம் மாத முடிவில் 2,07,893. தனி வட்டியாக இருந்தால் இரட்டிப்பாக 20 மாதம் பிடித்திருக்கும். 1930-களின் மந்தத்தில் நெல் விலை சரிந்து, கட்ட முடியாத கடனுக்காகக் கீழ்ப் பர்மாவின் வயல்கள் கைமாறின. அங்குள்ள முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார்களின் நிலப் பங்கு 1938 வாக்கில் 25 சதவீதமானது. கொடுத்த தமிழர்களுக்கும் வாங்கிய பர்மிய விவசாயிகளுக்கும் அது நல்லதாக முடியவில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் அடுக்கில் என்ன நிற்கிறது என்று நம் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

இந்த வகுத்தல் வழியிலேயே எந்த அடிமானத்தையும் கால்குலேட்டரில் பிடித்துவிடலாம். லாக்₂ 10 வேண்டுமா? 2^க = 10 என்று எழுதி லாக் எடுத்தால் க = லாக் 10 ÷ லாக் 2 = 1 ÷ 0.3010, சுமார் 3.32.

நில அதிர்வுக்கு வருகிறேன். 2025 மார்ச் 28 அன்று மாண்டலே, சகாயிங் பக்கம் நிலம் குலுங்கியதை இந்த நாட்டில் இருக்கும் யாரும் மறக்க மாட்டோம். அதன் அளவு 7.7. 2016 ஆகஸ்ட் 24 அன்று பகான் கோபுரங்களைச் சேதப்படுத்திய அதிர்வின் அளவு 6.8. "ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லையே" என்று தோன்றும். ஆனால் இந்த அளவு லாக்கில் போடப்பட்டது. 1935-இல் சார்லஸ் ரிக்டர் கொண்டுவந்த முறை இன்று கொஞ்சம் மாறியிருந்தாலும் அடிப்படை லாக்தான். அதிர்வில் வெளியாகும் ஆற்றலை ஜூல் அலகில் வைத்து இப்படி எழுதுவார்கள்:

லாக் (ஆற்றல்) = 4.8 + 1.5 × அளவு

7.7-க்கு வலது பக்கம் 16.35. 6.8-க்கு 15. கழித்தால் 1.35. லாக்குகளைக் கழிப்பது உள்ளே வகுப்பது என்று பார்த்தோமே, ஆகவே லாக் (முதல் ஆற்றல் ÷ இரண்டாம் ஆற்றல்) = 1.35. அடுக்கு மொழிக்கு மாற்றினால் விகிதம் 10^1.35, சுமார் 22. அதாவது மாண்டலே அதிர்வு பகான் அதிர்வைப் போல 22 மடங்கு ஆற்றலை வெளியிட்டது. அளவு எவ்வளவு ஏறினால் ஆற்றல் இரட்டிக்கும் என்று திருப்பியும் கேட்கலாம். 1.5 × க = லாக் 2 = 0.3010; க = 0.2. தொலைக்காட்சியில் 6.5 என்று சொன்னதைப் பிறகு 6.7 என்று திருத்தினால், ஆற்றல் இரண்டு மடங்கு என்று திருத்துகிறார்கள்.

நோட்டை எடுத்து நீங்களே போட்டுப் பார்க்க நான்கு கணக்குகள் தருகிறேன். லாக்₂ (க + 3) + லாக்₂ (க − 3) = 4. லாக்₇ (3க − 4) = லாக்₇ (க − 2). லாக்₂ (−க) = 4. நான்காவதாக, வருடத்துக்கு 12 சதவீதக் கூட்டு வட்டியில் பணம் மூன்று மடங்காக எத்தனை வருடம் ஆகும்? லாக் 3 = 0.4771, லாக் 1.12 = 0.0492. கீழே படிக்காமல் முதலில் முயன்று பாருங்கள்.

முதலாவதில் க² − 9 = 16, க = 5 அல்லது −5; −5-ஐ வைத்தால் உள்ளே −2-ம் −8-ம் நிற்கும், ஆகவே 5 மட்டும். இரண்டாவதில் க = 1 என்று வரும், உள்ளே −1 ஆகிவிடும்; தீர்வு இல்லை. மூன்றாவதில் −க = 16, க = −16, உள்ளே நிற்பது 16, ஆகவே −16 சரியான விடை. நான்காவதில் 0.4771 ÷ 0.0492, சுமார் 9.7, வட்டி வருட முடிவில்தான் சேரும் என்றால் பத்தாவது வருடம் முடியும்போது மூன்று மடங்கைத் தாண்டியிருக்கும்.